கரிசலில் பறித்த ஈட்டி, வேலூரில் வெடித்த துப்பாக்கி

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியைத் தலைப்பாகைத் தகராறு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் முன்கதை கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் கிடக்கிறது.

1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைப் பீரங்கியால் பிளந்து உள்ளே புகுந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் அக்னியூ. ஐந்து வருஷம் கழித்து அதே அக்னியூ சென்னை ராணுவத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல். சிப்பாய் தலையில் எதை வைக்க வேண்டும், நெற்றியில் எதை வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் போடலாமா, தாடி விடலாமா என்று விதி எழுதியது அவருடைய அலுவலகம்தான். 1806 ஜூலை 10 நள்ளிரவில் வேலூர்க் கோட்டையைப் பற்றவைத்ததும் அந்த விதிதான்.

பள்ளிப் பாடத்தில் பாளையக்காரர் போர் ஒரு தலைப்பு, வேலூர்ப் புரட்சி அடுத்த தலைப்பு. முதலாவதில் மீசை முறுக்கிய துரைமார்கள் வருவார்கள். இரண்டாவதில் திப்பு சுல்தானின் பிள்ளைகளும் தோல் பட்டை வைத்த தொப்பியும் வரும். இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் ஐந்து வருஷம் என்பது மாணவனுக்கு உறைப்பதே இல்லை. 1801இல் இருபது வயதில் ஈட்டி பிடித்தவனுக்கு 1806இல் இருபத்தைந்து வயது. ஈட்டியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அந்த ஐந்து வருஷம் அவன் எங்கே போனான், என்ன தின்றான்?

ஈட்டி போட்ட சோறு

கோவில்பட்டியை நடுவில் வைத்துக்கொண்டால் இந்தக் கதையின் ஊர்கள் எல்லாம் எட்டிப்பிடிக்கும் தூரம். தெற்கே திருநெல்வேலிச் சாலையில் கயத்தாறு. கிழக்கே எட்டயபுரம். அதைத் தாண்டினால் நாகலாபுரம். தென்கிழக்கே ஓட்டப்பிடாரத்தை ஒட்டிப் பாஞ்சாலங்குறிச்சி. எல்லாம் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. இறங்காவிட்டால் கருவேலும் உடையும்தான். நல்ல வருஷத்திலும் மாசி, பங்குனிக்கு மேல் காட்டில் வேலை கிடையாது. வெடித்துக் கிடக்கும் கரிசலில் கால் வைக்கவே யோசிப்பார்கள்.

வருஷத்தில் பாதி மாதம் சும்மா இருக்கும் உடம்புக்கு அன்று இருந்த பிழைப்பு காவல். ஊர்க்காவல் உண்டு, பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் திசைக்காவல் உண்டு. களத்தில் அளக்கும் தானியத்தில் காவல்காரனுக்குப் பங்கு. பாளையக்காரருக்குப் படை தேவைப்பட்டால் அதே ஆள் ஈட்டியோடு போய் நிற்பான். அதற்குக் காவல் மானியம். மாதச் சம்பளமும் சீருடையும் இல்லாத சிப்பாய் வேலை அது. மழை பொய்த்த வருஷத்தில் வீட்டில் உலை கொதிக்க வைத்ததும் அதுதான்.

இந்தக் காவல் வரும்படியைக் கும்பினி அதிகாரிகள் கொள்ளை என்றே எழுதினார்கள். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. காவல் பணம் தராத ஊரில் காவல்காரனே ஆடு மாடு ஓட்டிய கதைகள் கரிசலில் ஏராளம். ஆனால் ஆற்காட்டு நவாபின் கடனுக்காக வரி வசூலிக்கும் உரிமையைக் கையில் வாங்கிக்கொண்டு, பீரங்கியோடு வந்து கிஸ்தி கேட்டவர்கள் இன்னொருவனைக் கொள்ளைக்காரன் என்று சொன்னதுதான் வேடிக்கை.

1799இல் நடந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சிவாஜி கணேசன் நடித்த சினிமாவின் தயவில் மனப்பாடமாகவே தெரியும். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்கு அதற்கு முந்தைய வருஷமே கலெக்டர் ஜாக்சனோடு ராமநாதபுரத்தில் மோதல், செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையெடுப்பு, கோலார்பட்டியில் அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிக்கியது, நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டது, புதுக்கோட்டைச் சீமையில் கட்டபொம்மன் பிடிபட்டது. அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரத்தில் தூக்கு. அந்த இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு, அது குவியலாகவே வளர்ந்து கிடந்ததைக் கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் குறித்திருக்கிறார். பின்னாளில் சிவாஜி அங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்தார்.

தூக்குக்குப் பிறகு பானர்மேன் செய்ததைச் சினிமா காட்டவில்லை. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களும் பறிமுதல். ஒத்துழைத்த எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் மேல்மாந்தைக்கும் அதில் பங்கு. கோட்டைகளை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்க உத்தரவு. துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருந்தால் மரண தண்டனை. கயத்தாற்றுத் தூக்குமரம் ஒரு ஆளை எடுத்தது. இந்த உத்தரவு ஒரு தொழிலையே எடுத்துவிட்டது. காவல் மானியம் போன வீட்டில் அடுத்த கோடைக்கு என்ன வழி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆறு நாளில் எழும்பிய கோட்டை

பதினாறு மாதம்கூட ஆகவில்லை. 1801 பிப்ரவரி 2 மாலை, பாளையங்கோட்டையில் வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்த நேரம். சிறையில் இருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும் கூட்டாளிகளையும் வெளியிலிருந்து வந்த ஆட்கள் மீட்டுக்கொண்டு போனார்கள். பாஞ்சாலங்குறிச்சி ஏறத்தாழ முப்பது மைல். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டம். (இந்த மெக்காலே, பின்னாளில் நமக்கு ஆங்கிலக் கல்வி போட்ட மெக்காலேயின் பெரியப்பா. அந்தக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு ராசி.)

கும்பினிப் படை வந்து பார்த்தபோது, இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி நின்றுகொண்டிருந்தது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் இதை வாய்பிளந்து எழுதியிருக்கிறார். ஆறே நாளில் எழுப்பியதாம். ஐந்நூறடி நீளம், முந்நூறடி அகலம் போல ஒரு கோணல் நீள்சதுரம். பன்னிரண்டடி மண்சுவர். சுற்றிலும் முள்வேலி. கல் இல்லை, செங்கல் இல்லை, எஞ்சினியரும் இல்லை.

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். நன்றாக மிதித்துக் குழைத்த மண் காய்ந்தால் பாறை. கல்சுவரில் குண்டு பட்டால் சில்லுச் சில்லாகத் தெறித்துச் சரியும். மண்சுவர் குண்டை விழுங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். அது போதாதென்று கொத்தளங்களை உள்ளே கூடாக வைத்திருந்தார்கள். பிளவு வழியாக ஏறிய சோல்ஜர், உள்ளேயிருந்து நீண்ட ஈட்டிகளுக்கு நேராகத் தலையைக் கொடுத்தான். குத்தியவன் யாரென்று அவன் கண்ணுக்குத் தெரியாது. 1801 மார்ச் 31இல் மெக்காலே நடத்திய தாக்குதல் இப்படித்தான் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறிந்தது. பிறகு கூடுதல் பீரங்கிகளும் கூடுதல் பட்டாளமுமாக அக்னியூ வந்தார். மே 24இல் கோட்டை விழுந்தது.

விழுந்த அன்று நடந்ததாக வெல்ஷ் எழுதியுள்ள ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கோட்டையிலிருந்து சில மைல் தள்ளிக் கிடந்த பிணங்களில் ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். மகன் உயிர் ஒட்டிக் கிடக்கிறான். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைத் தூக்கு என்கிறான். அது ஊமைத்துரை. பெண்கள் தூக்கிப் போய் வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது துணி போர்த்தி, அம்மை போட்டுச் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். எதிரிப் படையின் அதிகாரி மரியாதையோடு எழுதி வைத்த கதை இது. தாயின் பெயரையும் மகனின் பெயரையும் அவர் எழுதவில்லை. ஈட்டி பிடித்த ஆயிரக்கணக்கான பேருக்கும் இதே கதிதான். அவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து நின்றவர்களும் அல்லர். நாயக்கர், மறவர், பள்ளர் என்று பல சாதி ஆட்கள் ஒரே சுவருக்குப் பின்னால் நின்றார்கள் என்று கதைப்பாடல்கள் பாடுகின்றன. கட்டபொம்மனின் தளபதிகளான வெள்ளையத் தேவனும் சுந்தரலிங்கமும் அந்தப் பாடல்களில்தான் பிழைத்தார்கள். 1997இல் அதே சுந்தரலிங்கம் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டு, கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு நீக்க வேண்டி வந்தது. கூட நின்று செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேருந்துப் பலகைக்காக வெட்டிக்கொண்டோம்.

சிப்பாய்களுக்கு ஒரு கடிதம்

ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். 1801 ஜூன் 16 தேதியிட்டு மருது பெயரில் ஓர் அறிக்கை வந்தது. திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவின் மக்கள் எல்லோரையும் சாதி, மதம் சொல்லி அழைக்கும் அந்த அறிக்கையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி மட்டும் அதிகம் கண்டுகொள்ளப்படாமல் போனது. சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று கும்பினிப் படையின் பதவிப் பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஆயுதம் ஏந்தத் தெரிந்த நீங்கள் வெள்ளையர்மேல் அதைத் திருப்புங்கள் என்று அது கூப்பிடுகிறது.

இது சாதாரண விஷயம் இல்லை. தெற்கில் கும்பினி ஜெயித்த அத்தனை சண்டையிலும் முன்வரிசையில் நின்றது நம் ஊர்ச் சிப்பாய்தான். பாஞ்சாலங்குறிச்சிக்கு வெளியே கும்பினிச் சீருடையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அந்தக் கூலிப்படை திரும்பினால் கும்பினியே இல்லை என்பதை மருது கண்டுகொண்டிருக்கிறார். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. கும்பினியின் சிப்பாய்ப் படைக்கே தலைவனாக இருந்து, நெற்கட்டும்செவல் புலித்தேவரையும் மற்றப் பாளையக்காரர்களையும் அடக்க அனுப்பப்பட்ட யூசுப்கான், பிறகு அதே கும்பினிக்கு எதிராக மதுரையில் கொடி ஏற்றி, 1764 அக்டோபர் 15இல் தூக்கில் தொங்கினான்.

மருதுவின் கூப்பாட்டுக்கு 1801இல் பட்டாளம் அசையவில்லை. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16இல் ஊமைத்துரையும் அவர் சகோதரர் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியில். அடுத்த பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவன். அவனுடைய அப்பாவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர் வெல்ஷ். 1818இல் அவர் பினாங்கு போனபோது கிழடுதட்டிப் போன துரைசாமியைப் பார்த்ததாக எழுதுகிறார்.

1801 டிசம்பரில் ஆயுதத் தடை மறுபடி பறைசாற்றப்பட்டது. 1803இல் பாளையம் ஜமீன் ஆனது. கரிசல் அடங்கியது என்று கும்பினி கணக்கை முடித்தது.

இருபத்து மூன்றாம் ரெஜிமென்ட்

இனி வேலூர். 1806இல் அந்தக் கோட்டையில் இருந்த இந்தியப் படை இரண்டு: ஒன்றாம் ரெஜிமென்டின் முதல் பட்டாளம், இருபத்து மூன்றாம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளம். சுமார் ஆயிரத்தைந்நூறு சிப்பாய்கள். அவர்களோடு 69ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த ஏறக்குறைய 370 வெள்ளைச் சோல்ஜர்கள். இதில் இருபத்து மூன்று பழம்பட்டாளம் இல்லை. சில காலம் முன்புதான் சேர்க்கப்பட்டது. சேர்த்த சீமை திருநெல்வேலி. தென்பாளையக்காரர்களிடம் முன்பு ஊழியம் பார்த்தவர்கள் அதில் கணிசமாக இருந்தார்கள் என்பதை ராணுவ வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் காலத்தில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கா.அ. மணிக்குமார் வேலூர்ப் புரட்சியைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஈட்டி போன ஆள் எங்கே போனான் என்ற கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. ஈட்டியைப் பிடுங்கினவனிடமே துப்பாக்கி கேட்டுப் போனான். அதைத் துரோகம் என்றோ சரணாகதி என்றோ சொல்வது சுலபம். காவல் மானியம் இல்லை, மழை நிச்சயம் இல்லை, கையில் இருந்த ஒரே வித்தைக்குத் தூக்குத் தண்டனை என்றிருந்த சீமையில், மாதச் சம்பளம் தருகிறேன் என்று ஒரே ஒரு முதலாளி கடை திறந்திருந்தான். அவன் பெயர் கும்பினி.

போன இடத்தில்தான் அக்னியூவின் விதி காத்திருந்தது. புதுத் தலைப்பாகை பார்ப்பதற்கு வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி. அதில் தோலால் ஒரு குஞ்சம். சட்டைமேல் சிலுவை போலத் தெரியும் ஒரு திருகாணிச் சாமான். விபூதி, நாமம் கூடாது. கடுக்கன் கூடாது. தாடி மழிக்க வேண்டும், மீசையும் ஒரே அளவில். தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் ஒப்புதல் தந்தார். கவர்னர் வில்லியம் பென்டிங் தலையாட்டினார். மே மாதம் வேலூரில் அப்போதிருந்த நான்காம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையைத் தொட மறுத்தது. 21 பேர்மேல் விசாரணை நடந்தது. பத்துப் பேர் முஸ்லிம்கள், பதினோரு பேர் இந்துக்கள். இரண்டு பேருக்குத் தலைக்கு 900 கசையடி தண்டனை.

பின்னாளில் இதை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரு தொப்பிக்கா இத்தனை ரத்தம்? கரிசல் ஆளின் இடத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு வராது. அவனிடம் முதலில் பாளையத்தை எடுத்தார்கள், பிறகு காவலை, பிறகு ஆயுதத்தை. மிச்சம் இருந்தது நெற்றியும் காதும் மீசையும். லீவில் ஊருக்குப் போனால் தொப்பிக்காரன் என்று சொந்தக்காரனே கேலி பண்ணுவான், பெண் கொடுக்க யோசிப்பான் என்ற பயம் வேறு. சம்பளத்துக்கு உடம்பைக் கொடுத்தவன், உடம்பில் எதுவரை கொடுத்தோம் என்று அன்றைக்குத்தான் நின்று கணக்குப் பார்த்தான்.

ஜூலை 9 கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை இருபத்து மூன்றாம் ரெஜிமென்டுக்குக் கவாத்து. விடியற்காலையில் அணிவகுக்க வசதி என்று அன்று இரவு அவர்களைக் கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொன்னார்கள். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அன்று ராத்திரி உள்ளே இருந்ததற்குக் காரணம் அந்த அணிவகுப்பு. கும்பினிக்கு எச்சரிக்கை வராமலும் இல்லை. முஸ்தபா பெக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே தன் மேலதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னான். விசாரித்த இந்திய அதிகாரிகள் அவனைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்து அடைத்து வைத்தார்கள். அவர்களும் சதியில் இருந்தவர்களே.

இரவு இரண்டு மணிக்குத் தொடங்கியது. காவலில் நின்ற வெள்ளையர்கள் விழுந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த 69ஆம் ரெஜிமென்ட் கொட்டடிமேல் சன்னல் வழியாகச் சூடு விழுந்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். இருபத்து மூன்றாம் ரெஜிமென்டின் கர்னல் மெக்கெராஸும் செத்தார். விடியும்போது மைசூர்ப் புலிக்கொடி ஏறிவிட்டது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதர்தான் இனி ராஜா என்றார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் கலைந்தது. கதவை அடைத்துக் காவல் போட வேண்டிய நேரத்தில் கஜானாவையும் அதிகாரிகளின் வீடுகளையும் சூறையாடப் போனார்கள். மண்சுவருக்குப் பின்னால் நின்று வெள்ளைக்காரப் படையைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்களின் ஊரிலிருந்து வந்த சிப்பாய்களும் உள்ளே இருந்தார்கள். அங்கே ஒரு ஊமைத்துரை இல்லை.

ஆற்காடு பதினாறு மைல். வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் தகவல் அனுப்ப, கர்னல் ராலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். காலை ஒன்பது மணியளவில் கோட்டை வாசல். மேலே சார்ஜன்ட் பிரேடியும் சில சோல்ஜர்களும் தோட்டா தீர்ந்து ஒரு மூலையில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறக்கிய கச்சைப் பட்டிகளைப் பிடித்துக் கில்லெஸ்பி மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. அடக்க வந்த குதிரைப்படையில் ஏழாம் சென்னைக் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் இருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டயபுரம் போல, வேலூருக்கு இவர்கள். அரண்மனைப் பக்கம் பிடிபட்ட நூறு பேர் அளவுக்கு ஒரு பந்தாட்டச் சுவர்முன் நிறுத்திச் சுட்டதை, அங்கே இருந்த ஜான் பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே எழுதியிருக்கிறார். அன்று செத்த சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொன்று. வெள்ளையர் தரப்பில் நூற்றுக்கு மேல்.

செப்டம்பர் 23இல் தண்டனை. ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். ஐந்து பேரைச் சுட்டார்கள். எட்டுப் பேருக்குத் தூக்கு. ஐந்து பேர் நாடு கடத்தல். புதுத் தலைப்பாகை விதியைக் கும்பினி திரும்பப் பெற்றது. பென்டிங், கிரடாக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்தது. அக்னியூவின் பதவியும் பறிபோனது. பென்டிங் பிறகு கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை நிறுத்தினார். கில்லெஸ்பி 1814இல் நேபாளப் போரில் டேராடூன் பக்கம் கலங்கா கோட்டை வாசலில் குண்டுபட்டு இறந்தார். ஒன்று, இருபத்து மூன்று என்ற இரண்டு எண்களையும் சென்னை ராணுவம் தன் பட்டியலிலிருந்தே அழித்துவிட்டது.

பாளையங்கோட்டைக் கிலி

வேலூரை நடத்தியது கரிசல்காரன்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றாம் ரெஜிமென்ட் இல்லாமல் அது நடந்திருக்காது. முன்னின்றவர்கள் என்று ஆவணங்கள் சொல்லும் பெயர்கள் ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் உசேன், ஷேக் காசிம். ஏறிய கொடி திப்புவுடையது. ஊர் ஊராகப் போன பக்கிரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கட்டபொம்மனையும் மருதுவையும் தூக்கில் போட்டதோடு தெற்கு முடிந்தது, பிறகு வடக்கே தலைப்பாகைக்காக வேறொரு கலகம் வந்தது என்ற கதையைத்தான் ஏற்க முடியவில்லை. 1801இல் சுபேதார், ஜமேதார், சிப்பாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார் மருது. ஐந்து வருஷம் தாமதமாக ஒரு பதில் வந்தது.

இந்தத் தொடர்பு கும்பினிக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். வேலூருக்கு நான்கு மாதம் கழித்து, 1806 நவம்பரில், பாளையங்கோட்டையில் ஒரு மேஜருக்குக் கிலி பிடித்தது. தன் பட்டாளத்திலும் சதி இருக்கிறது என்று நம்பி இந்திய அதிகாரிகளைக் கைது செய்தார். முஸ்லிம் சிப்பாய்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். இலங்கைக்கு ஆள் அனுப்பிப் படை உதவி கேட்டார். தேடிப் பார்த்ததில் சதி எதுவும் சிக்கவில்லை. அவர்மேலேயே ராணுவ விசாரணை வந்தது. கௌரவமாக விடுதலையும் ஆனார். அந்த மேஜர் வேறு யாருமில்லை, ஜேம்ஸ் வெல்ஷ். ஆறு நாளில் எழும்பிய மண்கோட்டையைக் கண்ணால் பார்த்தவர். ஒப்பாரி வைத்த பெண்களின் கதையைக் கேட்டு எழுதியவர். ஊமைத்துரை தப்பிய அதே பாளையங்கோட்டையில், அதே சீமை ஆட்கள் துப்பாக்கியோடு சுற்றி நிற்க, அவருக்குத் தூக்கம் வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

1857 முதல் சுதந்திரப் போரா, 1806 முதலா, 1801 முதலா என்ற பந்தயம் தமிழ்நாட்டு மேடைகளில் ஓயாது. 2006இல் வேலூரின் இருநூறாம் ஆண்டுக்குத் தபால்தலை வந்தபோதும் அதே பேச்சு. பந்தயத்தில் ஜெயிப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை இருக்கிறது. கயத்தாறில் சிலை இருக்கிறது. அந்தப் போர்களில் செத்த வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகள்கூடப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இருக்கின்றன. இருபத்து மூன்றாம் ரெஜிமென்டில் சேர்ந்து வேலூர் போன திருநெல்வேலிச் சீமை ஆட்களுக்கு ஓர் ஊர்ப்பலகை கிடையாது.

வேலூர் விசாரணையில் சிப்பாய்கள் கொடுத்த வாக்குமூலங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், அன்றைய ரகசியத் துறைத் தொகுதிகளில் இருக்கின்றன. கோவில்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடி ஒவ்வொரு வருஷமும் கட்டபொம்மனிடமே வந்து நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு பேராவது சென்னைக்கு ரயிலேறி, இருபத்து மூன்றாம் ரெஜிமென்டின் ஆட்களை அந்தக் காகிதங்களில் தேடிப் பார்க்கலாம். யார் மகன், எந்த ஊர், பட்டாளத்தில் சேருமுன் யாரிடம் காவல் பார்த்தான் என்று தெரிகிற அளவுக்குத் தெரியட்டும். நாகலாபுரமோ காடல்குடியோ குளத்தூரோ அந்தப் பட்டியலில் அகப்பட்டால், ஊர்ப்பலகைக்கு எழுத வாசகம் தயார்.